வேலிக்கு வெளியே நிற்கும் செலவு

(திருப்பருத்திக்குன்றத்தில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தின் ஓரத்தில், பெயரிலே பருத்தியை வைத்துக்கொண்டிருக்கிற ஊர் இது. சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். பள்ளி விட்டதும் திரைலோக்கியநாதர் சமணக் கோயிலுக்குள் ஓடி, சங்கீத மண்டபத்தில் மல்லாந்து படுத்து விதானத்தைப் பார்ப்போம். ரிஷபதேவர் கதை, வர்த்தமானர் கதை, நேமிநாதர் கதையோடு கலந்து வரும் கண்ணன் கதை என்று கட்டம் கட்டமாக ஓவியம் ஓடும். அந்த மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர், தம் குரு புஷ்பசேனர் சொல்லிக் கட்டியது 1387-88இல். டி.என்.இராமச்சந்திரன் 1934இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக இவ்வூர்க் கோயில்களைப் பற்றி எழுதிய நூலைப் படித்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. மண்டபம் எழும்புவதற்கு ஐந்தாறு ஆண்டு முன்பே, 1382 வாக்கில், மகேந்திரமங்கலம் என்ற ஊரை இக்கோயிலுக்கு எழுதிவைத்தவரும் அதே இருகப்பர்தான். முதலில் வருமானத்துக்கு வழி, பிறகு கட்டடம். தொழிற்சாலைத் திட்டங்களில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். இந்த வரிசையில் யோசித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு பதப்படுத்தும் ஆலைக்கு முதலீடு எவ்வளவு ஆகும் என்று கணிப்பது எப்படி என்பது. கேட்க வறட்டுத் தலைப்பு. ஆனால் இதைப் பேச வேண்டி வந்தது நம் ஊர்த் திண்ணையில்தான். சென்ற ஆண்டு பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். தனித்தனியே பட்டறை நடத்திக் கழிவுநீருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. எல்லாரும் சேர்ந்து பொதுவாக ஒரு சாயச்சாலையும் சுத்திகரிப்பு நிலையமும் போட்டால் என்ன என்று ஒரு யோசனை. வந்தவர்களில் மூத்தவர் என் அப்பாவோடு பழகியவர். "தம்பி, நீ பெரிய பெரிய கம்பெனிக்கெல்லாம் கணக்குப் போட்டவன். சுத்தி வளைக்காத. எவ்ளோ ஆகும், ஒரு நம்பர் சொல்லு" என்றார்.

நான் நம்பர் சொல்லவில்லை. "அண்ணே, வேலி எங்க போடறீங்க?" என்று கேட்டேன். நான் நிலத்து வேலியைக் கேட்பதாக அவர் நினைத்துக்கொண்டு, சர்வே எண் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நான் கேட்ட வேலி வேறு. எங்கள் தொழிலில் அதற்கு பேட்டரி லிமிட் என்று பெயர். வரைபடத்தில் ஆலையைச் சுற்றி ஒரு கோடு போடுவோம். கோட்டுக்கு உள்ளே இருப்பதெல்லாம் என் கணக்கு. வெளியே இருப்பது என் கணக்கில் இல்லை. ஒரு மதிப்பீட்டில் முதலில் படிக்க வேண்டியது அந்தக் கோடு. கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் தொகையை அப்புறம் பார்க்கலாம்.

இந்தப் பாடத்தை நான் கற்றது அவமானப்பட்டு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, வடக்கே ஒரு சின்ன இரசாயன ஆலைக்கு மதிப்பீடு போட்டேன். தொட்டி, பம்பு, குழாய், வால்வு, அடித்தளக் கான்கிரீட் எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணி எழுதியிருந்தேன். தண்ணீர்க் குழாயை வேலிக்கு வெளியே ஒரு மீட்டர் வரை கொண்டுவந்து நிறுத்தி, அதற்கு மேல் 'வெளியார் பொறுப்பு' என்று எழுதிவிட்டேன். வெளியே வேலை எடுத்தவரின் மதிப்பீட்டில் அதே குழாய் ஏரியிலிருந்து புறப்பட்டு, பிரதான சாலை வரை வந்து நின்றிருந்தது. நடுவே மூன்று கிலோமீட்டர். அந்த மூன்று கிலோமீட்டருக்கு இரண்டு காகிதத்திலும் இடமில்லை. அதில் ஒரு ரயில் பாதை வேறு குறுக்கே போயிற்று. ஆலை கட்டி முடிந்து, தண்ணீர் வராமல் பல மாதம் கிடந்தது. வங்கி வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் என் மதிப்பீட்டைக் கையில் எடுத்து மேலதிகாரி வாசித்தார். ஒரு எண்கூட தப்பில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, நம்முடைய சாயச்சாலைக்கு வருவோம். வந்தவர்கள் கையில் ஒரு விலைப்புள்ளி இருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வாங்கியது. சாயத்தொட்டி, கொதிகலன், நீர் பிழியும் இயந்திரம், வடிகட்டி எல்லாவற்றுக்கும் விலை போட்டிருந்தது. அதைக் கூட்டிப் பார்த்து, கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ இதுதான் ஆலையின் விலை என்று நினைத்திருந்தார்கள்.

நெசவாளிக்கு இதை விளக்குவது சுலபம். ஒரு சேலையின் விலையைப் பட்டு விலையும் ஜரிகை விலையும் கூட்டிச் சொல்வீர்களா என்று கேட்டேன். சிரித்தார்கள். சாயக்கூலி, நூல் இழைக்கிற கூலி, பாவு போடுகிற கூலி, பாவு பிணைக்கிற கூலி, கோர்வைக்குக் கூட உட்காரும் பையனுக்குக் கூலி, சேலை விற்றுப் பணம் வரும்வரை போட்ட முதலுக்கு வட்டி. இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆலைக்கும் அதே கதை. வேதிப் பொறியியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படிக்கிற பீட்டர்ஸ், டிம்மர்ஹவுஸ் பாடநூலின் 1991 பதிப்பில் ஒரு அட்டவணை உண்டு. திடப்பொருளும் திரவமும் சேர்ந்து புழங்கும் ஆலைக்கு, வாசலில் வந்து இறங்கிய இயந்திரத்தின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அதை நிறுவ 39. அளவுக்கருவிகள் 13. குழாய்கள் 31. மின்சார வேலை 10. கட்டடம் 29. வளாகத்தைச் சீர்படுத்த 10. நீராவி, தண்ணீர், காற்று போன்ற துணை வசதிகளுக்கு 55. நிலம் 6. இதுவரை 293. பொறியியல் வேலைக்கும் மேற்பார்வைக்கும் 32, கட்டுமான காலச் செலவு 34 சேர்த்தால் 359. ஒப்பந்தக்காரருக்கு 18, எதிர்பாராச் செலவுக்கு 36, ஆக 413. நடைமுதல் 74 சேர்ந்தால் 487.

நூறு ரூபாய் விலைப்புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவர் ஐந்நூறு ரூபாய்க்குத் தயாராக வேண்டும் என்றேன். திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒருவர் மட்டும், "இது அமெரிக்காக்காரன் கணக்காச்சே, நம்ம ஊர்ல கூலி கம்மி" என்றார். நியாயமான கேள்வி. அமெரிக்க அட்டவணையில் ஆள்கூலிக்குப் போகிற பங்கு நம் ஊரில் குறையும். நிலம் 6 என்பதைக் காஞ்சிபுரத்தில் சொன்னால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் சிரிப்பார்கள். அது பல மடங்கு கூடும். அட்டவணையின் ஒவ்வொரு எண்ணையும் நம் ஊருக்கு மாற்றி எழுத வேண்டும். வரிசையை மட்டும் விட்டுவிடக் கூடாது. அந்த வரிசை ஒரு சரக்குப் பட்டியல்; எதை மறந்தோம் என்று விரல் விட்டுப் பார்க்க உதவும்.

இந்தப் பெருக்கல் முறையின் மூதாதை ஹான்ஸ் லாங் என்பவர். 1947, 48 ஆண்டுகளில் பல ஆலைகளின் செலவை ஒப்பிட்டு, இயந்திர விலையை எத்தனையால் பெருக்கினால் மொத்த ஆலை வரும் என்று மூன்று எண்கள் சொன்னார். திடப்பொருள் ஆலைக்கு 3.10, திடமும் திரவமும் கலந்ததற்கு 3.63, முழுக்கத் திரவம் என்றால் 4.74. திரவம் கூடக் கூடக் குழாயும் பம்பும் வால்வும் கூடும் என்பதுதான் காரணம். மாவு மில்லுக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பெருக்கலில் அடக்கிவிட்டார்.

அதே 1947இல் ரோஜர் வில்லியம்ஸ் என்பவர் எழுதிய இன்னொரு விதி இன்னும் பிரபலம். பத்தில் ஆறு விதி என்போம். கொள்ளளவை இரண்டு மடங்காக்கினால் செலவு இரண்டு மடங்காகாது, ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான் ஆகும் என்கிறது அது. இது ஏன் என்பதைச் சாயப்பட்டறைச் செப்பு அண்டாவை வைத்தே காட்டலாம். அண்டா வாங்கும்போது கொடுக்கிற காசு செம்புத் தகட்டுக்கு. நமக்குப் பயன்படுவது உள்ளே பிடிக்கிற தண்ணீர். அதே வடிவத்தில் இரண்டு மடங்கு தண்ணீர் பிடிக்கிற அண்டா செய்யத் தகடு 1.59 மடங்கு போதும், கனம் ஒன்றாக இருந்தால். பெரிய பாத்திரம் லாபம் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்ததை எண்ணாகச் சொன்னால் அதுதான் விதி.

ஆனால் அண்டா பெரிதானால் மட்டும் போதுமா? பட்டுச் சிட்டங்களைக் கழியில் கோர்த்து, கொதிக்கிற சாயத்தில் முக்கி முக்கித் திருப்புகிற ஆள் அதே உயரம்தான். அவர் கைக்கு எட்டுகிற அகலம்தான் அண்டாவின் அகலம். அதற்கு மேல் வேண்டுமென்றால் இன்னொரு அண்டா, இன்னொரு அடுப்பு, இன்னொரு ஆள். அங்கே பத்தில் ஆறு செல்லாது. ஒன்றுக்கு ஒன்று ஏறும்.

இதைப் பெரிய அளவில் பார்க்கக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போக வேண்டும். நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது; அறிவித்த செலவு 1,516.82 கோடி ரூபாய். அதை ஒட்டிப் பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023இல் அடிக்கல் நாட்டினார்கள், மதிப்பீடு 4,276.44 கோடி. பத்தில் ஆறு விதிப்படி நெம்மேலியிலிருந்து கணக்கிட்டால் பேரூர் 2,730 கோடியில் முடிய வேண்டும். நேர் விகிதத்தில் பெருக்கினாலே 4,045தான். மதிப்பீடு அதையும் தாண்டி நிற்கிறது. ஏதோ தவறு என்று நினைத்துவிட வேண்டாம். இந்த ஆலைகளில் உள்ள எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வேலை செய்வது சவ்வுக் குழல்கள். இரண்டு மடங்கு தண்ணீருக்கு இரண்டு மடங்கு குழல் வாங்கத்தான் வேண்டும். அண்டா லாபம் அங்கே அதிகம் கிடையாது. மற்றது, கோடு. ஆலையிலிருந்து நகரத்துக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும் நெடுங்குழாயில் எத்தனை கிலோமீட்டர் எந்தத் தொகைக்குள் இருக்கிறது என்று பார்க்காமல் இரண்டு எண்களைப் பக்கத்தில் வைப்பதே பிசகு. நான் இப்போது செய்து காட்டியது அந்தப் பிசகைத்தான். தொலைக்காட்சி விவாதங்களில் இது தினமும் நடக்கிறது.

நம் பட்டறைக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். கீழ்க்கதிர்ப்பூரில் அண்ணா பெயரில் 75 ஏக்கரில் கைத்தறிப் பட்டுப் பூங்கா, நூறு கோடிக்கு மேல் மதிப்பு என்று கேள்விப்பட்டு, நமக்கு ஏழு ஏக்கர் போதும், ஆகவே பத்துக் கோடி என்று முடிவு செய்திருந்தார்கள். பூங்காவில் சாலையும் தறிக்கூடமும் தெருவிளக்கும் உண்டு. நமக்கு வேண்டியது கழிவுநீர். ஏக்கருக்கு இவ்வளவு என்பது மனைக்கணக்கு; கழிவுநீருக்கு அது பொருந்தாது.

இனித் திருப்பூருக்குப் போகாமல் இந்தப் பேச்சை நடத்த முடியாது. தமிழ்நாட்டில் முதலீட்டு மதிப்பீடு என்ற சொல்லுக்கு அர்த்தம் கற்றுக்கொடுத்த ஊர் அது. கற்றுக்கொண்டதற்குக் கட்டிய பீஸ் ரொம்ப அதிகம்.

பின்னலாடைப் பருத்திக்கு அங்கே போடுவது ரியாக்டிவ் சாயம். சாயம் நூலில் ஏற உப்பு வேண்டும். அடர்ந்த நிறமென்றால் ஒரு லிட்டர் சாய நீருக்கு 60 முதல் 100 கிராம் வரை. இந்த உப்பு துணியில் தங்காது. போட்டது அத்தனையும் கழிவுநீரில் போய்ச் சேரும். ஆரம்பத்தில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டு நிறத்தைக் கொஞ்சம் எடுத்தன. கரைந்த உப்பை அவை தொடவே இல்லை. அது நொய்யல் ஆற்றில் போய், பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிற்று. அணைத் தண்ணீரே வேண்டாம் என்று உழவர்கள் சொல்லும் நிலை வந்தது.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் வழக்குப் போட்டது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்று கெடு வைத்தது. அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு இத்தனை பைசா என்று அபராதமும் விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011 ஜனவரி 28 அன்று, விதி நிறைவேறவில்லை என்று சாய ஆலைகளையும் பொது நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட சாய ஆலைகள் நின்றன. பிறகு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து நிலையங்களைச் சீர்செய்ய வழிவிட்டது.

இதற்கு நடுவே கணக்கு எங்கே சறுக்கிற்று? சவ்வு முறையில் கழிவுநீரைத் தள்ளினால் எண்பது, எண்பத்தைந்து விழுக்காடு நல்ல தண்ணீராகத் திரும்பும். அதற்கான இயந்திரத்துக்கு விலைப்புள்ளி வாங்கலாம். போட்ட மதிப்பீடு ஓரளவு நிற்கும். மீதி இருக்கிறதே பதினைந்து, இருபது விழுக்காடு, உப்பும் நிறமும் கெட்டிப்பட்ட நீர், அதில்தான் பணம் முழுக்கப் போய் விழுந்தது. அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 540 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அடுக்கடுக்காக ஆவியாக்கிகள் வைத்து வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அப்போது எரிபொருள் குறையும், இயந்திரச் செலவு ஏறும். ஆவியாக்கிக் குழாயில் பொருக்குத் தட்டினால் வெப்பம் இறங்காது, நாளுக்கு இவ்வளவு என்று போட்ட கணக்கு பாதியாகும். கொதிகலன், விறகு, விறகு அடுக்கும் இடம் எல்லாம் வேலிக்குள் வந்தாக வேண்டும்.

அப்புறம் தொழில்நுட்பக்காரர்கள் வேறு வழி யோசித்தார்கள். கெட்டி நீரை எல்லாம் ஏன் ஆவியாக்க வேண்டும்? சாதாரண உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட் போட்டுச் சாயமேற்றி, கெட்டி நீரிலிருந்து நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, அந்த உப்பு நீரையே அடுத்த சாயத்துக்குத் திருப்பிவிடலாம். அருள்புரம் நிலையத்தில் இது செய்து காட்டப்பட்டது. ஆவியாக்கிக்குப் போகிற பளு இறங்கிற்று. கவனியுங்கள்: மிகப்பெரிய செலவைக் குறைத்தது பேரம் பேசி வாங்கிய மலிவான இயந்திரம் அல்ல. வேலிக்கு வெளியே, ஒவ்வொரு சாய ஆலையின் தொட்டியிலும், எந்த உப்பைப் போடுவது என்று எடுத்த முடிவு.

கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்புக்கும் சேற்றுக்கும் போக்கிடம் இல்லாமல் கொட்டகை போட்டு மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்க நேர்ந்தது. அந்தக் கொட்டகையை முதல் மதிப்பீட்டில் எழுதியிருப்பார்களா? எழுதியிருந்தால் வங்கி கடன் கொடுத்திருக்குமா என்பது அடுத்த கேள்வி. மதிப்பீடு குறைவாக வருவதற்கு அறியாமை ஒரு காரணம் என்றால், உண்மையைச் சொன்னால் திட்டமே நடக்காது என்ற பயம் இன்னொரு காரணம். இதைப் பொறியாளர் மேடைகளில் சொல்லமாட்டார்கள்; தேநீர் இடைவேளையில் சொல்வார்கள்.

1981இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்துக்காக எட்வர்ட் மெரோவும் வேறு இருவரும் ஓர் அறிக்கை எழுதினார்கள். புதுத் தொழில்நுட்பத்தை முதன்முதலாகக் கட்டிய நாற்பதுக்கு மேற்பட்ட ஆலைகளை எடுத்துக்கொண்டு, முதல் மதிப்பீடு எவ்வளவு, கடைசிச் செலவு எவ்வளவு என்று பார்த்தார்கள். விலைவாசி ஏற்றமும் ஊழியர் பிரச்சினையும் பெரிய குற்றவாளிகள் இல்லை என்று தெரிந்தது. ஆலையில் எவ்வளவு பங்கு இதுவரை யாரும் செய்யாதது, மூலப்பொருளில் என்னென்ன மாசு சேரும், இடத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்துவைத்திருந்தார்கள், நிலமும் தொடக்கச் சரக்கும் ஆலை ஓடும் முன் ஆட்களுக்குத் தரும் சம்பளமும் மதிப்பீட்டில் இருந்தனவா என்பவைதான் வித்தியாசத்தில் பெரும்பகுதியை விளக்கின. திருப்பூரை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் படித்தால் ஒவ்வொரு வரியும் சுடும். கல்பாக்கத்து வேக ஈனுலைக்கும் பொருந்தும்: 2003இல் 3,492 கோடி என்று ஒப்புதல், பிறகு திருத்திய மதிப்பீடு 5,677 கோடி, அதற்குப் பிறகும் ஏறியது. முதலில் கட்டுகிறவர் கட்டுகிற விலை அது.

ஆகவே திருப்பூர் மாதிரி நமக்கும் ஒன்று போட்டுவிடலாம் என்று பட்டறைக்காரர் ஒருவர் சொன்னபோது நான் வேண்டாம் என்றேன். நம் தண்ணீர் வேறு.

பட்டுக்குப் போடுவது பெரும்பாலும் அமிலச் சாயம். லிட்டருக்கு நூறு கிராம் உப்பு என்கிற கதை இங்கே இல்லை. நம் கழிவின் பளு சாயத்துக்கு முந்தைய வேலையில், கோராப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைப்பதில் இருக்கிறது. கோராப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால்வாசி செரிசின் என்கிற பசை. அது போனால்தான் பட்டுக்கு மினுமினுப்பு. நாள் ஒன்றுக்கு 100 கிலோ பட்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ பசை தண்ணீரில் இறங்கும். கிலோவுக்கு 25 லிட்டர் வீதம் ஒரு முக்குக்கு 2,500 லிட்டர் தண்ணீர். வேகவைத்தல், அலசல், சாயம், மறுபடி அலசல், கடைசி அமிலக் குளியல் என்று எட்டு முக்கு வைத்தால் 20,000 லிட்டர். அதில் பசை 25 கிலோ, சோப்பு இன்னொரு 25 கிலோ. லிட்டருக்கு இரண்டரை கிராம் கரிமப் பொருள். இது நுண்ணுயிர் தின்கிற சரக்கு. காற்று ஊட்டி, நுண்ணுயிர் வளர்த்துச் செரிக்கவைக்கலாம். ஆவியாக்கியை இங்கே முதலில் கொண்டுவந்து நிறுத்துவது, பாவுக்குப் போட வேண்டிய கஞ்சியை ஊடைக்குப் போடுவது போல.

இன்னொன்றும் தோன்றுகிறது. வேகவைத்த முதல் தண்ணீரை, அந்த 2,500 லிட்டரை மட்டும், அலசல் தண்ணீரோடு கலக்காமல் தனியாகப் பிடித்தால் பசையில் பெரும்பங்கு அதிலேயே சிக்கிவிடும். மீதித் தண்ணீருக்குச் சின்ன நிலையம் போதும். அதற்குத் தேவை ஒவ்வொரு பட்டறையிலும் இரண்டு சாக்கடை. பட்டறைக்குள் சாக்கடை வெட்டுகிற கொத்தனார் கூலி பொது நிலையத்தின் மதிப்பீட்டில் வராது. மறுபடி வேலி.

நிலம் வாங்கும் முன் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன். பாலாறு உள்ளிட்ட சில ஆறுகளின் கரையிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் சாய ஆலை போன்றவை புதிதாக வரக் கூடாது என்று 1989லிருந்தே அரசாணை இருக்கிறது. விலை மலிந்த நிலம் அந்த எல்லைக்குள் இருந்தால் அதற்கு விலையே இல்லை.

மதிப்பீட்டின் துல்லியத்தைப் பற்றிக் கொஞ்சம். உலகெங்கும் செலவுப் பொறியாளர்கள் மதிப்பீடுகளை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு, திண்ணையில் சொல்கிற நம்பர்: சொன்னதில் பாதியாகவும் முடியலாம், இரண்டு மடங்காகவும் முடியலாம். முதல் வகுப்பு, வரைபடம் எல்லாம் முடிந்து, ஒப்பந்தப்புள்ளி வந்த பிறகு போடுவது. சில விழுக்காடு முன்பின் இருக்கும். வங்கிக்குக் கொடுக்கிற டி.பி.ஆர்., அதாவது விரிவான திட்ட அறிக்கை, நடுவில் எங்கோ இருக்க வேண்டும். நான் பார்த்த பல டி.பி.ஆர்.களில் ஐந்தாம் வகுப்பு நம்பரை ரூபாய் பைசா வரை எழுதியிருப்பார்கள். பைசா வரை எழுதினால் துல்லியம் என்று ஒரு நம்பிக்கை.

தேதியும் முக்கியம். இரசாயன ஆலைக் கட்டுமானத்துக்கு அமெரிக்காவில் ஒரு விலைக் குறியீடு கணக்கிடுகிறார்கள். 1957-59ஐ 100 என்று வைத்தது. 2020இல் அது 596. 2022இல் 816. கொரோனா காலத்தில் போட்ட மதிப்பீட்டை இரண்டு வருஷம் கழித்துத் தூசி தட்டி எடுத்தவர்கள் பட்ட பாடு அந்த இரண்டு எண்களில் தெரியும். நம் ஊர் விலை அதே அளவு ஏறியது என்று சொல்லவில்லை. ஆனால் துருப்பிடிக்காத எஃகுக்கும் வால்வுக்கும் விலை உலகச் சந்தையில்தான் முடிவாகிறது.

எதிர்பாராச் செலவு என்று ஒரு வரி வரும். பத்து விழுக்காடு, பதினைந்து விழுக்காடு. தணிக்கைக்காரர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான். எங்கள் தெருவில் அப்பா விடியற்காலையில் பாவை நீள விரித்துக் கஞ்சி போடுவார். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். திடீரென்று தூறல் விழுந்தால் அன்றைய வேலை போச்சு. சில சமயம் பாவே போச்சு. அப்பா வியாபாரியிடம் கூலி பேசும்போது, "வருஷத்துக்கு ரெண்டு மழைக்கு இடம் விட்டுப் பேசணும்டா" என்பார். எந்த நாள் மழை என்று அவருக்குத் தெரியாது. ரெண்டு என்று தெரியும். எதிர்பாராச் செலவு என்பது அந்த ரெண்டு மழை. மூன்று கிலோமீட்டர் குழாயை மறந்ததற்கு அதில் இடம் கிடையாது. மறதிக்கு அந்த வரியைச் செலவழித்துவிட்டால், மழை வரும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது.

நடைமுதலைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அந்த 487இல் கடைசி 74. கூட்டாகப் போடுகிற சாயச்சாலையில் இதுதான் முதலில் தீரும். சாயமும் சோப்பும் ரொக்கத்துக்கு வாங்குவோம். சாயம் போட்ட நூலைப் பட்டறைக்காரர் எடுத்துப் போவார். சேலை நெய்து, கடைக்குப் போய், காசோலை மாறிய பிறகு சாயக்கூலி வரும். அந்த இடைவெளி எத்தனை நாள் என்று கேட்டேன். ஒருவர் நாற்பது நாள் என்றார். இன்னொருவர் தீபாவளி முடிந்தால்தான் என்றார். மூத்தவர் எதுவும் சொல்லாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூன்று கடைகளிலிருந்து போன வருஷத்துப் பாக்கி இன்னும் வரவில்லை என்று அப்புறம் தெரிந்தது.

அன்று அவர்களுக்கு நான் கொடுத்தது ஒரு முழுப் பக்கத் தாள். இடப்பக்கம் முப்பத்திரண்டு வரிகள்: நிலம், மின்கம்பி, மின்மாற்றி, வேலிக்கு வெளியே குழாய், பட்டறைக்குள் இரட்டைச் சாக்கடை, சேறு காயவைக்கும் இடம், ஆலை ஓடும் முன் மூன்று மாதச் சம்பளம் என்று. வலப்பக்கம் காலி. எந்தெந்த வரியை யார் விசாரித்து நிரப்புவது என்று பேரைப் போட்டுக்கொண்டு போனார்கள். இதுவரை பத்தொன்பது வரி நிரம்பியிருக்கிறது.

நிரம்பாதவற்றில் முதன்மையானது கழிவுநீர் மாதிரி. ஒரு பாட்டில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் போதாது. முகூர்த்த மாதத்தில் அரக்கும் சிவப்பும் ஓடும். ஆடியில் பாதிப் பட்டறை மூடிக் கிடக்கும். வேகவைக்கிற தண்ணீர் காலை ஆறு மணிக்கு ஒரு மாதிரி, பதினொரு மணிக்கு வேறு மாதிரி. நாலு பட்டறையில், ஒரு மணிக்கு ஒரு பாட்டில் வீதம், இரண்டு பருவம் எடுக்க வேண்டும். வைகாசி மாதிரி எடுத்தாயிற்று. ஆடி மாதிரிக்கு, பின்வரிசையில் இருக்கும் மாணவர்களில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து வரக்கூடியவர்கள் நாலு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கிறேன். வந்து பேர் கொடுங்கள்.